தொட்டி காலியான இரவில் காவல் யார்?

தீயணைப்புக் கருவிகள் பழுதாகும். திருத்துவதற்கு அவற்றைக் கழற்றவும் வேண்டும். அந்த இடைவெளியில் ஸ்டோரையும் லயத்தையும் எப்படிக் காப்பது? உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற ஒழுங்குமுறை ஒன்று இதற்கு உண்டு. சப்ரகமுவத் தோட்டங்கள் அதைக் கையில் எடுக்க வேண்டிய நேரம் இது.

இரத்தினபுரியில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை 3,000 மில்லிமீற்றரைத் தாண்டும். 2003 மே, 2017 மே என்றால் இந்த மாவட்டத்துக்கு வெள்ளம்தான் ஞாபகம் வரும். கேகாலைக்கு 2016 என்றால் அரநாயக்க மண்சரிவு. அனர்த்தம் என்ற சொல்லைக் கேட்டதும் களுகங்கை பெருகுவதும் மலை இறங்குவதும்தான் இங்கே மனதில் எழும். இவ்வளவு ஈரமான மண்ணில் தீயைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

ஆனால் கூரைக்குக் கீழே போய்ப் பாருங்கள். தேயிலை ஸ்டோரில் ட்ரையருக்கு வெப்பம் தர இரவு பகலாக விறகு எரிகிறது. இறப்பர் தோட்டத்துப் புகைக்கூடத்தில் நாலைந்து நாள் அணையாமல் அடுப்பு புகைகிறது. லயத்தில் வரிசையாக ஒவ்வொரு காம்பராவிலும் விறகடுப்பு. அதற்கு மேலே காயவைத்த விறகு. அதற்கும் மேலே பழைய மின்கம்பி. யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் காவத்தையிலும் வாழும் நம் சனம் நாள் முழுவதும் நெருப்போடுதான் புழங்குகிறது.

அதனால் தோட்டங்களில் தீக்காவல் ஏற்பாடும் இருக்கத்தான் செய்கிறது. ஸ்டோருக்கு மேலே மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து இறங்கும் குழாய், சுவரில் சுருட்டிய ஹோஸ், தூண்களில் தீயணைப்பு சிலிண்டர்கள், சிவப்பு மை பூசிய மணல் வாளிகள், ஒரு மணி அல்லது சைரன். புதிய கட்டடங்களில் மோட்டர் பம்பியும் புகை உணரியும் இருக்கலாம்.

இவை எல்லாம் ஒருநாள் கிடையில் விழும். தொட்டியைக் கழுவ வேண்டும். மண்சரிவில் குழாய் உடையும். மோட்டர் எரிந்து, கம்பி சுற்றுவதற்கு ரவுனுக்குப் போகும். சிலிண்டர்கள் நிரப்பப் போகும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பராமரிக்கும் இடத்தில்தான் கருவி கழற்றப்படும். ஆபத்து தொடங்குவது அடுத்த கட்டத்தில். தொட்டி காலி என்று பம்பிக்காரருக்குத் தெரியும், டீமேக்கருக்குத் தெரியாது. டீமேக்கருக்குத் தெரிந்தாலும் இரவு வாச்சருக்குத் தெரியாது. வாச்சருக்குத் தெரிந்தாலும் ஸ்டோரை ஒட்டிய லயத்தில் பிள்ளைகளோடு படுத்திருப்பவர்களுக்குத் தெரியாது. எல்லாரும் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் பாதுகாப்பு அன்றைக்கு இல்லை.

மூடிக்கிடந்த வால்வு

இந்த நம்பிக்கை என்ன விலை கேட்கும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1988 மே 4, இரவு பத்தரை மணியளவு. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 62 மாடி கொண்ட ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டடம். கட்டியபோது அதில் ஸ்பிரிங்க்ளர் என்னும் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் வைக்கவில்லை. அந்த நாட்களில்தான் பொருத்திக்கொண்டிருந்தார்கள். வேலையில் பத்தில் ஒன்பது பங்கு முடிந்திருந்தது. குழாய்கள் கூரையில் ஓடின. ஆனால் வால்வுகள் மூடியிருந்தன. வேலைக்காகத் தீயணைப்புப் பம்பிகளையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டாம் மாடியில் தீ பிடித்தது. ஐந்தாம் மாடியில் குழாய் பொருத்திக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கண்ணாடி உடைந்து விழும் சத்தத்தைக் கேட்டார்கள். லேசான புகையையும் கண்டார்கள். ஒருவர் அபாய மணியை இழுத்தார். கீழே காவலில் இருந்தவர்கள் சில நொடிகளில் அதை நிறுத்திவிட்டார்கள். புகை உணரிகள் திரும்பத் திரும்பக் கத்தின; ஸ்பிரிங்க்ளர் வேலையால் வரும் கோளாறு என்று எண்ணி அவற்றையும் நிறுத்தினார்கள். என்னவென்று பார்த்துவரப் போன பராமரிப்புத் தொழிலாளி லிஃப்டில் ஏறி நேரே பன்னிரண்டாம் மாடிக்குப் போனார். கதவு திறந்தது, அவர் திரும்பவில்லை. தீயணைப்புப் படைக்கு முதல் தகவல் கொடுத்தவர்கள் கட்டடத்துக்கு வெளியே நின்று தீயைக் கண்டவர்கள். நான்கு மாடிகள் முழுவதும் எரிந்தன, ஐந்தாவது மாடியில் ஒரு பகுதியும் போயிற்று. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போராடித்தான் தீயை அடக்கினார்கள்.

அந்தக் கட்டடத்தில் குறையாக இருந்தது பணமோ கருவியோ ஆளோ இல்லை. கருவி வேலை செய்யாத நாட்களில் காவலை இரட்டிப்பாக்குவதற்குப் பதில், வந்த எச்சரிக்கைகளையும் 'வேலை நடக்கிறது, அதனால்தான் மணி அடிக்கிறது' என்று தள்ளிவிட்டார்கள்.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 1991 பெப்ரவரி 23இல், பிலடெல்பியா நகரின் 38 மாடிக் கட்டடமான வன் மெரிடியன் பிளாசாவில் தீ. இருபத்திரண்டாம் மாடியில் தொடங்கி எட்டு மாடிகளைத் தின்றது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள். முப்பதாம் மாடியில் வேலை செய்யும் ஸ்பிரிங்க்ளர் இருந்தது. பத்துத் தலைகள் திறந்து தண்ணீர் பீச்சின. தீ அங்கேயே நின்றது. வேலை செய்யும் கருவிக்கும் சுவரில் தொங்கும் கருவிக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான்.

நமக்குப் பக்கத்திலும் பார்க்கலாம். 2011 டிசம்பர் 9 அதிகாலை, கொல்கத்தாவின் அம்ரி மருத்துவமனை. வாகனம் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் பொருட்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்துதான் தீயும் புகையும் கிளம்பின. ஏறத்தாழ 90 பேர், பெரும்பாலும் படுக்கையில் இருந்த நோயாளிகள், புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். 2018 செப்டம்பர் 2இல் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, பக்கத்திலிருந்த ஹைட்ரண்டுகளில் தண்ணீர் வரவில்லை. இருநூறு ஆண்டுகள் சேர்த்த செல்வம் ஓர் இரவில் போனது.

ஸ்டோருக்குள் ஒரு சுற்று

நம் ஸ்டோருக்கு வருவோம். ட்ரையருக்குள் நூறு பாகையை அண்டிய வெப்பக் காற்று ஓடுகிறது. தேயிலையிலிருந்து உதிரும் பஞ்சு போன்ற தூசு ட்ரையரின் மூலைகளிலும் உத்தரங்களிலும் விசிறிக் குழாயிலும் படிகிறது. ஒரு பொறி அதில் ஒட்டினால் போதும். விசிறி ஓடும்வரை அந்தக் காற்றே நெருப்பை ஊதி வளர்க்கும். மேல்மாடியில் கொழுந்து வாட்டும் இடம். பழைய ஸ்டோர்களில் தளமும் படியும் பலகை. கீழே தொடங்கும் தீக்கு மேலே ஏற வழி தயாராக இருக்கிறது.

இறப்பர் புகைக்கூடம் இன்னும் மோசம். கம்புகளில் வரிசையாகத் தொங்கும் சீட்டுகள் 50 முதல் 60 பாகை வெப்பத்தில் புகை குடித்துக் காய்கின்றன. ஒரு சீட்டு நழுவிச் சூடான புகைவழியில் விழுந்தால் அதுவே திரியாகிவிடும். எரியும் இறப்பர் உருகி வழியும், கரும்புகை கக்கும், ஒரு வாளித் தண்ணீருக்கு அடங்காது. அதனால் புகைக்கூடத்தைப் பொறுத்தவரை முதல் ஐந்து நிமிடம்தான் எல்லாம். அந்த ஐந்து நிமிடத்தில் குழாயைத் திருகினால் தண்ணீர் வர வேண்டும்.

இப்போது அந்தக் குழாயின் தொட்டி கழுவுவதற்காக வடிக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அதே நாளில் உடைந்த குழாயை ஒட்ட வெல்டிங்காரர் ரவுனிலிருந்து வந்திருக்கிறார். தண்ணீர் இல்லாத நேரத்தில் பொறி பறக்கும் வேலை! தீக்காவல் இல்லாத நேரமும் பொறி பறக்கும் வேலையும் ஒன்றாகச் சந்திப்பதுதான் உலகில் பல பெரிய தீவிபத்துகளின் கதை. திருத்த வந்த வேலையே தீயைக் கொண்டுவரும்.

செய்ய வேண்டியவை நான்கு

பல நாடுகளில் முன்மாதிரியாகக் கொள்ளப்படும் அமெரிக்க தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் விதிகளில் இதற்குத் தெளிவான கணக்கு உண்டு. தீ அறிவிப்பு மணி 24 மணி நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாமல் இருந்தாலோ, ஸ்பிரிங்க்ளர் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, உரிய அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். கட்டடத்திலிருந்து ஆட்களை வெளியேற்ற வேண்டும், அல்லது தீக்காவலுக்கென்று ஆள் போட வேண்டும். நம் ஸ்டோரில் ஸ்பிரிங்க்ளர் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த விதியின் சாரம் நமக்கும் பொருந்தும். அதை நான்கு வேலையாகப் பிரிக்கலாம்.

முதல் வேலை, சொல்வது. எது வேலை செய்யவில்லை, எப்போதிலிருந்து, எப்போது திரும்பும், யார் பொறுப்பு — இந்த நான்கும் ஒரு சிவப்பு அட்டையில் எழுதப்பட்டு, மூடிய வால்விலும் காலியான சிலிண்டர் கொக்கியிலும் ஸ்டோர் வாசலிலும் தொங்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். வாசிக்கப் போகிறவர் இரவு வாச்சர், அலுவலகக் கிளார்க் மட்டுமில்லை. காலைப் பெரட்டில் வாயாலும் சொல்ல வேண்டும். பக்கத்து லயத்துக்கும், பிள்ளைக் காம்பராவுக்கும், தோட்டக் காப்புறுதிக் கம்பனிக்கும், தீயணைப்புப் படைக்கும் தகவல் போக வேண்டும்.

இரண்டாவது, நெருப்பைக் குறைப்பது. தொட்டி கழுவும் வேலையை உற்பத்தி இல்லாத நாளில் வைக்கலாம். இறப்பர் மரம் இலையுதிர்த்துப் பால் வெட்டு ஓய்ந்திருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் புகைக்கூடத்தின் பெரிய திருத்தங்களை முடிக்கலாம். அதே மாதங்களில் ஓடை வற்றும் என்பதால் தண்ணீரை முன்கூட்டியே தேக்கி வைக்க வேண்டும். தீக்காவல் இல்லாத நாட்களில் வெல்டிங் கூடாது. தவிர்க்க முடியாதென்றால் சுற்றியுள்ள விறகையும் தூசையும் அகற்றி, வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஆள் நின்று பார்க்க வேண்டும். பஞ்சுக்குள் புகுந்த பொறி உடனே எரியாது. ஆட்கள் சாப்பாட்டுக்குப் போனபின் எழும்.

மூன்றாவது, காவல் போடுவது. தீக்காவலுக்கு நிற்பவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. விறகு போடவும் பெட்டி அடுக்கவும் அவரைக் கூப்பிடக் கூடாது. கையில் டோர்ச், சார்ஜ் உள்ள போன், சுற்ற வேண்டிய வழி, மணி எங்கே இருக்கிறது என்ற அறிவு — இவை இருக்க வேண்டும். சுற்றிய நேரத்தை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். இதற்கு அவருக்குச் சம்பளமும் தர வேண்டும். கூடவே மாற்றுத் தண்ணீரும் வேண்டும்: பீப்பாய்களில் நிரப்பிய தண்ணீர், வாளிகள், நன்றாகக் கழுவிய முதுகு டாங்கிகள். புல்லுக்கு மருந்தடிக்கும் அந்த டாங்கியில் பதினைந்து லீற்றரளவு தண்ணீர் பிடிக்கும். பிடிக்கத் தொடங்கிய சிறு தீயை அடக்க அது உதவும். சிலிண்டர்களை ஒரே நாளில் மொத்தமாக அனுப்பாமல் பாதிப் பாதியாக நிரப்ப அனுப்பினால் தூண்கள் ஒருநாளும் வெறுமையாக நிற்காது.

நான்காவது, திருப்பி நிறுத்துவது. இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். குழாய் ஒட்டியாயிற்று, ஆட்கள் போயாயிற்று. ஆனால் வால்வை யாரும் திறக்கவில்லை. வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம், ஹோஸின் முனையில் தண்ணீர் பீச்சுவதைப் பொறுப்பானவர் கண்ணால் பார்ப்பது. அதைப் பார்த்த பிறகே சிவப்பு அட்டை இறங்க வேண்டும். யார் யாருக்குச் சொன்னோமோ அவர்கள் எல்லாருக்கும் 'சரியாகிவிட்டது' என்றும் சொல்ல வேண்டும்.

இந்த நான்குக்கும் பெரிய செலவில்லை. அட்டை, கொப்பி, ஓர் ஆளின் இரவுச் சம்பளம். எரிந்த ஸ்டோரை மறுபடி கட்ட ஆகும் செலவும், அது கட்டி முடியும்வரை வேலையின்றி நிற்கும் குடும்பங்களின் பாடும் இதற்கு எதிரே நிற்கின்றன.

லயத்தில் என்றும் அதே நிலை

ஸ்டோரில் தீக்காவல் சில நாட்கள் இல்லாமல் போகிறது. லயத்திலோ பெரும்பாலும் அது வைக்கப்படவே இல்லை. வெள்ளைக்காரன் காலத்து லயத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். பல லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எழும்புவதில்லை. ஒரு காம்பராவின் பரணில் பிடித்த தீ அந்த வெளியால் ஓடி அடுத்தடுத்த வீடுகளுக்குப் போய்விடும். ஒரு வீட்டின் தீ ஒரு லயத்தின் தீயாவது அதனால்தான். அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் பாடப் புத்தகமும் சேமித்த நகையும் அரை மணியில் சாம்பலாகின்றன. பிறகு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துக் காத்திருக்கும் நாட்கள் தொடங்குகின்றன.

லயத்துக்கு இருக்கும் முக்கியத் தானியங்கிக் காவல் மின்பெட்டியில் உள்ள ட்ரிப் சுவிட்ச். மின்சாரம் கசியும்போது அது விழுந்துவிடும். ஒழுகும் கூரையில் ஈரமான கம்பிகள் இருந்தால் அடிக்கடி விழும். தொந்தரவு என்று அதைக் கழற்றிவிட்டு நேரே இணைப்பு எடுப்பதும், ஃபியூசுக்குத் தடித்த கம்பியைச் சுற்றுவதும் நடக்கின்றன. அந்தக் கணமே அந்த வீட்டின் தீக்காவல் கிடையில் விழுகிறது. அது பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. ஆனால் அதன் விளைவைப் பக்கத்து வீடும் சுமக்கும். அடிக்கடி விழும் ட்ரிப் சுவிட்ச் ஓர் எச்சரிக்கை மணி. லொஸ் ஏஞ்சலிஸில் நிறுத்திய மணியும் இதுவும் ஒன்றே. சனத்தைத் திட்டி இது தீராது. ஒழுகும் கூரையையும் பழைய கம்பியையும் மாற்றித் தர வேண்டிய பொறுப்பு வீட்டுக்கு உரிமையாளராக நிற்கும் நிர்வாகத்துடையது.

2022ஐயும் மறக்க முடியாது. மார்ச் இறுதியில் நாட்டில் ஒருநாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது. டீசல் இல்லை, கேஸ் இல்லை. மின்சாரத்தில் ஓடும் பம்பியும் டீசலில் ஓடும் பம்பியும் ஒன்றாக ஓய்ந்த நாட்கள் அவை. மெழுகுதிரியும் மண்ணெண்ணெய் விளக்கும் விறகும் வீடுகளில் கூடிய நாட்களும் அவைதான். பாதுகாப்பு குறைந்தது, நெருப்பு கூடியது. மேட்டில் தொட்டி கட்டித் தன் பாரத்தில் தண்ணீர் இறங்கவிட்ட பழைய ஏற்பாட்டின் அருமை அப்போது விளங்கியிருக்க வேண்டும். அந்தத் தொட்டிகளைக் கைவிடாமல் காப்பது வருங்காலத்துக்கான முதலீடு.

110க்கு அழைத்தால்

தீயணைப்புச் சேவையின் இலக்கம் 110. அழைத்தால் வண்டி புறப்படும். ஆனால் தீயணைப்பு வண்டிகள் பெரும்பாலும் நகரங்களை அண்டியே நிற்கின்றன. வேவல்வத்தைக்கும் ரஸ்ஸகலைக்கும் ஏறும் வளைவுகளில், மழையில் அரித்த தோட்டப் பாதையில், பாரமான வண்டி வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். வண்டி வரும்வரை தாங்க வேண்டியது தோட்டத்தின் சொந்தக் காவல்தான். அந்தக் காவல் இல்லாத நாளில் முன்கூட்டியே அறிவித்தால் படையும் தயாராக இருக்கும். பவுசரையும் தயாராக வைக்கலாம்.

தீயணைப்பு உள்ளூராட்சியோடு சேர்ந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டங்களுக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இனி அந்தச் சாட்டுக்கு இடமில்லை. வண்டி திரும்பக்கூடிய பாதை, லய முற்றத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய், தமிழில் பேசித் தகவல் வாங்கக்கூடிய ஓர் ஊழியர் — இவற்றைச் சபைகளிடம் உரிமையோடு கேட்கலாம். தீ எரியும்போது மொழி தடுமாறிப் போகும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு காம்பராவின் விலை.

சட்டம் ஸ்டோர் பக்கமும் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தீயில் தப்பிச் செல்லும் வழி பற்றிப் பேசுகிறது. உள்ளே ஆள் இருக்கும்போது கதவுகளை உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டக் கூடாது என்கிறது. தீக்காவல் கருவி ஓய்ந்திருக்கும் நாளில் இந்தக் கதவுதான் கடைசிக் கருவி. தேயிலை களவு போகும் என்று இரவில் வெளியே பூட்டுப் போடும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது இன்றே நிற்க வேண்டும். ஒரு பெட்டித் தூளுக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை.

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அந்தக் கம்பனிகளுடன் சம்பளத்துக்காகத் தொழிற்சங்கங்கள் நடத்தும் போராட்டம் நியாயமானது. அதன் பக்கத்தில் இந்தக் கோரிக்கையும் மேசைக்கு வரட்டும். ஒவ்வொரு ஸ்டோரிலும் தீக்காவலுக்குப் பொறுப்பான ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். சிவப்பு அட்டை முறை வேண்டும். காவலுக்கு நிற்பவருக்குக் கூலி வேண்டும். லயத்தின் மின்கம்பிகளை ஆண்டுக்கொரு முறை தகுதியான ஒருவர் சோதிக்க வேண்டும். இடைச்சுவர்களைக் கூரைவரை எழுப்ப வேண்டும். புதிய வீடுகள் கிடைக்கும்வரை இந்த ஐந்தும் காத்திருக்கத் தேவையில்லை.

தொடங்குவதற்கு நாளைக் காலைப் பெரட்டு போதும். வேலை பிரிப்பதற்கு முன் ஒருவர் கேட்கட்டும்: தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, சிலிண்டர் முள் பச்சையில் நிற்கிறதா, ஹோஸ் தண்ணீர் பீச்சுகிறதா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அன்றிரவு காவலுக்கு நிற்பவரின் பெயரை அதே பெரட்டில் எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்படாமல் பெரட்டு கலையக் கூடாது.